பள்ளத்தில் தங்கும் குளிர்: உதகை நகரின் நிலமும் பொழுதும்

முன்னுரை

தமிழிலக்கியம் பயில்வோர் முதலாண்டிலேயே கற்கும் பாடம் ஒன்று உண்டு. மாந்தர் வாழ்வைப் பாட முற்பட்ட நம் முன்னோர், அவ்வாழ்வு நிகழும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்தனர். விலங்கும் பறவையும், மரமும் பூவும், உணவும் தொழிலும் கருப்பொருள்களாக அடுத்து வந்தன. உள்ளத்து உணர்வாகிய உரிப்பொருளும் இவற்றோடு பொருந்தி நின்றது. நிலத்தை அறியாமல் அந்நிலத்து மக்களை அறிய இயலாது என்னும் தெளிவு இவ்வடுக்கினுள் அமைந்துள்ளது. இதனை இலக்கிய மரபாக மட்டும் கற்றுத் தேர்வெழுதிவிட்டு நாம் அமைந்துவிடுகிறோம். புவியியல் நோக்கிலும் இது பயன்படும் ஓர் ஆய்வுமுறை என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

சென்னையில் வாழும் நாம் நெய்தல் நிலத்தவர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கடற்காற்றே நம் மாலைப்பொழுதைத் தணிக்கிறது. மார்கழியில் போர்வை ஒன்று போதும் எனப் பழகியவர்கள் நாம். குறிஞ்சித் திணையைப் படிக்கும்போது, அதற்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதாகவும் யாமம் சிறுபொழுதாகவும் ஏன் வகுக்கப்பட்டன என்னும் வினா நம் உள்ளத்தில் எளிதில் எழுவதில்லை. அவ்வினாவிற்கு விடை காண மலைநிலத்து நகர் ஒன்றை எடுத்து ஆராய்தல் நலம். அதற்கு நீலகிரியின் உதகமண்டலத்தை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

உதகையைக் கோடைவாழிடமாகவே பலரும் அறிவர். அது நான்கு குன்றுகளுக்கு இடைப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 88,000 பேர். சுற்றியுள்ள சரிவுகள் விடுப்பனவற்றையெல்லாம் பள்ளம் ஏற்றுக்கொள்ளும். குளிர், நீர், மண், மனிதன் எறியும் கழிவு ஆகிய நான்கும் இறுதியில் அங்கு வந்தே தங்கும். உதகையின் தட்பவெப்பமும் வரலாறும் இன்றைய இடரும் இவ்வோர் இயல்பிலிருந்தே விளைகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இருப்பிடமும் பாறையும்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கூடும் இடத்தில் நீலகிரி நிற்கிறது. சுற்றிலும் செங்குத்தான சரிவுகளும் மேலே ஏறி இறங்கும் மேட்டுநிலமும் உடையது அது. அம்மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உதகை உள்ளது. நகரின் கிழக்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா எழுந்து நிற்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. ஸ்னோடன், எல்க் ஹில், கிளப் ஹில் என ஆங்கிலேயர் பெயரிட்ட குன்றுகளும் அதனோடு சேர்ந்து நகரை ஒரு கிண்ணத்தின் விளிம்புபோல் சூழ்கின்றன. கிண்ணத்தின் அடியில் ஏரி கிடக்கிறது.

இம்மலையின் பாறைக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவுண்டு. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நாம் காணும் பாறையும் அதுவே. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் பயன்பட்டதால், அவர் பெயரையே பாறைக்கும் நிலவியலார் சூட்டினர். கடற்கரை நகரின் சிறு குன்றும் வானளாவிய நீலமலையும் ஓரினப் பாறையே. பாறை ஒன்றாயினும் உயரம் வேறுபட்டதால் நிலமும் பொழுதும் முற்றிலும் வேறாயின.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உதகை உள்ளது. இந்த இருப்பை அறிவியலாளர் பயன்படுத்திக்கொண்ட விதம் வியப்பிற்குரியது. உதகையை அடுத்த முத்தோரையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் அமைத்த வானொலித் தொலைநோக்கி 1970இல் செயற்படத் தொடங்கியது. வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளமுடைய அதனை நிறுவ, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவு ஒன்றைத் தேடித் தேர்ந்தெடுத்தனர். சரிவின் சாய்வும் அவ்விடத்தின் அகலாங்கும் ஒத்திருப்பதால், கருவியின் அச்சு நில உருண்டையின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அதனை அவ்வச்சில் சுழற்றினாலே, விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்க முடிகிறது. மலைச்சரிவே கருவியின் ஓர் உறுப்பாக அமைந்த இடம் அது.

உயரமும் வெப்பமும்

மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும் என்பது பொதுவிதி. சராசரியாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 2,240 மீட்டருக்குக் கணக்கிட்டால் 14.5 டிகிரி குறைய வேண்டும். கடல்மட்டத்தில் உள்ள சென்னையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 28, 29 டிகிரி அளவினது. இதிலிருந்து 14.5 டிகிரியைக் கழித்தால் கிடைப்பது 14 டிகிரி. உதகையின் உண்மையான ஆண்டுச் சராசரியும் ஏறத்தாழ அவ்வளவே. எளிய கழித்தற் கணக்கு ஒன்றிலேயே இரு நகர்களின் வேறுபாடு பெரும்பாலும் அடங்கிவிடுவதை மாணவர் கருதிப் பார்க்கலாம்.

எனினும், குளிர்நாடுகளின் குளிரும் உதகையின் குளிரும் ஒன்றல்ல. குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்திற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. உதகையோ நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் கதிரவன் உயரத்திலேயே உலவுகிறான். ஏப்ரல், மே மாதப் பகலில் வெப்பம் 22, 23 டிகிரியைத் தொடும். ஜனவரியிலும் பகல்வெயில் இதமாகவே காயும். ஆனால் இரவுகளில் வெப்பம் சராசரியாக 5, 6 டிகிரி அளவிற்கு இறங்கிவிடும். திங்களுக்குத் திங்கள் காணும் மாற்றத்தைவிடப் பகலுக்கும் இரவுக்கும் இடையே காணும் மாற்றமே அங்குப் பெரிது. இதனை நினைந்து நோக்கின், குறிஞ்சிக்குச் சிறுபொழுதாக யாமத்தை வகுத்ததன் பொருத்தம் விளங்கும். மலைநிலம் தன் இயல்பை முழுமையாகக் காட்டுவது நள்ளிரவிலேதான்.

உறைபனியும் பள்ளமும்

உயரமே குளிருக்குக் காரணமாயின், தொட்டபெட்டா உச்சியிலேயே உறைபனி மிகுதியாகப் படிய வேண்டும். ஆனால் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் வெண்பனி போர்த்துக் கிடப்பவை பள்ளத்திலுள்ள குதிரைப் பந்தயத் திடலும், தாவரவியல் பூங்காவின் தாழ்வான புல்தரையும், காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்நிலங்களுமே. இதன் காரணத்தை அறிவது பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தையே அறிவதாகும்.

முகிலற்ற, காற்றசையாத இரவில் நிலம் தான் பகலில் பெற்ற வெப்பத்தை வான்நோக்கி விரைந்து இழக்கிறது. அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்ந்தது, எடை மிக்கது. ஆதலின் அது சரிவு வழியே நீரைப் போலவே மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அங்கிருந்த வெப்பக்காற்று மேலே தள்ளப்படுகிறது. அந்நேரத்தில் அடிவாரம் குளிர்ந்தும் நடுச்சரிவு சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். இதனை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பர். புல்லின் மட்டத்தில் வெப்பம் சுழியத்திற்கும் கீழே போகும்போது காற்றின் ஈரம் நேரே பனிப்படிகமாகப் புல்நுனியில் உறைகிறது. கதிரவன் எழுந்து சில நாழிகைக்குள் அது மறைந்துவிடும்.

கண்ணுக்கு இனிய இக்காட்சி உழவர்க்குத் துன்பமானது. உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகிவிடுகின்றன. இதனால் அதிகாலையிலேயே தோட்டங்களில் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் வழக்கம் அங்குண்டு. பூங்காப் பணியாளர் நாற்றுகளை மூடிக் காப்பர். தோடர் இனத்தார் தம் பழைய குடில்களை அரைவட்டக் கூரையோடு அமைத்து, தவழ்ந்தே நுழையத்தக்க மிகச் சிறிய வாயிலை வைத்தனர். உள்வெப்பம் எளிதில் வெளியேறாதிருக்க இது துணைசெய்தது. அவர்தம் சிற்றூர்க்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்னும் பெயர் ஆங்கிலேயர் வழக்கில் ‘மந்து’ என முடிந்ததும் இங்கு நினையத்தக்கது.

இரு பருவமழைகளுக்கு இடையே

சென்னை மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமே தருகிறது. உதகைக்கு இரு பருவங்களும் மழை தருகின்றன. ஆயினும் இரண்டும் தம் முழு வலிமையோடு நகரை அடைவதில்லை. தென்மேற்குக் காற்று முதலில் நீலகிரியின் மேற்குச் சரிவிலும் குந்தா மலையிலும் மோதி மேலெழுந்து தன் நீரை அங்கே பெரிதும் பொழிந்துவிடுகிறது. எஞ்சியதே உதகைக்கு வருகிறது. வடகிழக்குக் காற்றைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுப்பதால் அதன் கிழக்கே உள்ள குன்னூரும் கோத்தகிரியும் மிகுதியாக நனைகின்றன. உதகையின் ஆண்டு மழை ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் அளவினது. சென்னையின் சராசரியோ 140 சென்டிமீட்டர் அளவில் உள்ளது. மலைநகரில் மழை மிகுதி என்னும் நம் எண்ணம் இங்குப் பிழைபடுகிறது.

ஒரே மாவட்டத்தில் கூடலூர் தென்மேற்குப் பருவத்தில் பெருமழை பெறும். குன்னூர் வடகிழக்குப் பருவத்தை நோக்கி இருக்கும். மலையின் வடபுறம் தாழ்ந்து கிடக்கும் மசினகுடி, சீகூர்ப் பகுதி மழைமறைவில் அமைந்து முட்காடாக விளங்கும். சில மணி நேரப் பயணத்தில் இத்துணை வேறுபாடுகளைக் காட்டும் நிலம் தமிழகத்தில் வேறு அரிது.

மலைமழையின் மற்றொரு முகமும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உதகைக்கு மேற்கே உள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சென்னை ஓராண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டதை அச்சிற்றிடம் ஒரு நாளில் ஏற்றது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 2009 நவம்பரில், குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் பெய்த கனமழையால் மண்சரிவுகள் பல நிகழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை ஒன்றே அதற்குக் காரணம் ஆகாது. செங்குத்தான சரிவை வெட்டிச் சாலையும் கட்டடமும் அமைக்கும்போதும், நீர்வழிகளை அடைக்கும்போதும் நனைந்த மண் தன் பிடிப்பை இழக்கிறது. இழந்த மண் செல்லும் திசையும் பள்ளமே.

சோலையும் புல்வெளியும்

இம்மலையின் இயற்கைப் போர்வை இருவகைத்து. மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலைகள் உள்ளன. வெளிச்சரிவுகளில் புல்வெளிகள் பரந்துள்ளன. திறந்த புல்வெளியில் மரக்கன்றுகள் தழைக்காமைக்கு உறைபனியும் ஒரு காரணம் என்பர் ஆய்வாளர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இப்புல்வெளிக்கு உரியது. 2006லும் 2018லும் மேற்குத் தொடர்ச்சி மலையில் அது பெருமளவில் மலர்ந்தது. திணைக்குப் பெயர் தந்த செடி சோலையின் நிழலை நாடாது வெளிச்சரிவில் வாழ்வது கருதத்தக்கது.

சோலையும் புல்லும் மழைநீரை உடனே ஓடவிடாமல் உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளாகக் கசியவிடுகின்றன. பள்ளங்களின் அடியில் கரிய சதுப்புநிலங்கள் உருவாகின்றன. ஆண்டுதோறும் மடியும் புல்லும் செடியும் அங்கு மட்காமல் படிந்து அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. இவ்வடுக்குகளை ஆராய்ந்து சுகுமார் முதலிய அறிஞர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் இப்பகுதி மாறி மாறி அடைந்த ஈரக்காலத்தையும் வறண்ட காலத்தையும் எடுத்துக்காட்டிற்று. பள்ளம் நீரைத் தேக்குவதோடு காலத்தின் நினைவையும் தேக்கி வைத்துள்ளது.

ஆங்கிலேயர் குடியேறிய பின்னர்ச் சோலைகள் விறகிற்காக வெட்டப்பட்டன. குறையை ஈடுசெய்ய ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரமும் சீகை மரமும் கொண்டுவரப்பட்டுப் புல்வெளிகளில் நடப்பட்டன. விரைந்து வளரும் தைலமரம் நீரையும் விரைந்து பருகுகிறது. கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நடத்திய நெடுநாள் ஆய்வில், தைலமரம் நட்ட பகுதியின் நீர்வரத்து முதல் பத்தாண்டுச் சுற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். பசுமையாகத் தோன்றுவதெல்லாம் நீரைக் காப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இரண்டு ஏரிகளின் கதை

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிவந்தார். பின்னர் 1820களில் ஓடைகளை மறித்து உதகை ஏரியை அமைத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கோடை தோறும் கோப்புகளோடு அங்குக் குடிபெயர்ந்தது. 1899இல் குன்னூரை எட்டிய மலை இரயில் 1908இல் உதகையை அடைந்தது. நகர் வளர வளரச் சமநிலம் தேவையாயிற்று. குன்றுகள் சூழ்ந்த ஊரில் சமநிலமாகக் கிடைப்பது ஏரியின் படுகை ஒன்றே. எனவே ஏரி சுருங்கியது. இன்றைய பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் பழைய ஏரிப்பரப்பில் அமைந்தவையே. எஞ்சிய ஏரியில் நகரின் சாக்கடையும் சரிவுகளின் வண்டலும் பலகாலம் வந்து கலந்தன.

இதனைப் படிக்கும் சென்னைவாசி தன் நகரையும் ஒருகணம் நோக்க வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக அடையாற்றை நோக்கி நீண்டு கிடந்த பேரேரியின் நீரை வடித்துத்தான் 1920களில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றும், மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்றும் பெயர்கள் மட்டும் இன்று எஞ்சியுள்ளன. ஏரி மறைந்தாலும் பள்ளம் மறைவதில்லை. மழைதோறும் அப்பகுதித் தெருக்களில் நீர் தேங்குவதும், 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு இரு கரையிலும் புகுந்ததும் நிலம் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பதற்குச் சான்றுகள். மலைநகர், கடல்நகர் என்னும் வேறுபாடு இங்கு அற்றுப்போகிறது.

நீர் செல்லும் வழி

உதகையின் நீர் உதகையோடு நிற்பதில்லை. ஏரியிலிருந்து வழியும் நீர் காமராஜ் சாகர் அணையைச் சேர்ந்து, அங்கிருந்து மாயாற்றின் வழியைப் பற்றுகிறது. மாயாறு பவானிசாகரில் பவானியாற்றோடு கலக்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியை அடைகிறது. காவிரியில் வரும் நீரின் ஒரு பகுதி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகிக் கீழணையை எட்டி, வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் வீராணத்து நீர் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்வழியே சென்னைக்கு வருகிறது. மயிலையிலோ தியாகராய நகரிலோ நாம் ஏந்தும் குவளை நீரில் உதகைச் சரிவில் விழுந்த மழைத்துளி ஒன்றும் கலந்திருக்கலாம்.

ஆதலின் அப்பள்ளத்தாக்கைப் பற்றிய கவலை சுற்றுலாச் செல்வோர்க்கு மட்டும் உரியதன்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டதை ஒரு தொல்லையாக மட்டும் கருதியவர் நம்மில் உளர். ஒரு கிண்ணம் எவ்வளவு கொள்ளும் என்னும் வினாவையே அவ்வாணை எழுப்பிற்று. அவ்வினா உதகைக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு நமக்கும் பொருந்தும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில செய்திகள் தெளிவாகின்றன. உதகையின் பகற்குளிருக்கு உயரம் காரணம். இரவின் உறைபனிக்குப் பள்ளம் காரணம். மழையளவைச் சுற்றியுள்ள மலைகளின் நிலையும் காற்றின் திசையும் வகுக்கின்றன. நீர்வளத்தைச் சோலையும் புல்வெளியும் சதுப்பும் காக்கின்றன. இவற்றில் மனிதன் மாற்றக்கூடியவை இறுதியில் சொன்னவையே. அவற்றைத்தான் அவன் மாற்றியும் விட்டான்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால், அவை குலையும்போது கருவும் உரியும் உடன் குலையும் என்பதே பொருள். திணைக் கோட்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவர், தாம் வாழும் தெருவின் நீர் எத்திசையில் ஓடுகிறது, முன்னர் அங்கு என்ன நீர்நிலை இருந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அதற்கு விடை தரவல்லோர் நம் முதியோர். பழைய ஏரியின் கரையையும் கால்வாயின் போக்கையும் கண்ணாற் கண்டவர்கள் அவர்கள். அவர்தம் நினைவைக் கேட்டு எழுதிவைப்பதும் தமிழாய்வே ஆகும். மலைப்பள்ளத்தின் சதுப்பு இருபதாயிரம் ஆண்டுகளைக் காத்து வைத்திருக்க, நாம் நூறாண்டுக்கு முந்தைய ஓர் ஏரியை மறந்துவிடுதல் தகாது.